கடைசி மூணு பாட்டில்

"அப்பா, இதுல இருந்த தண்ணி எங்க?"

வாஷ்பேசின் பக்கத்தில் மூன்று பாட்டில்களும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"கொட்டிட்டேன்" என்றார் ஆரோக்கியசாமி.

ஷர்மிளா ஆத்திரத்தோடு ஒரு பாட்டிலை எடுத்து நிமிர்த்திப் பார்த்தாள்.

கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். விடுமுறையில் ஆராய்ச்சி செய்யக் கல்லூரியில் நாற்பது பேர் கேட்டு, நாலே பேருக்குத்தான் இடம் கிடைத்தது. அதில் அவள் ஒருத்தி. ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில், அப்பா வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனிக்குப் பின்னால் ஓடுகிறது ஒரு வாய்க்கால். அதில் கழிவு கலக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

ஐந்து வாரமாகப் பார்த்தாயிற்று. எல்லா சாம்பிளும் சுத்தம். அப்படியானால் வாய்க்காலில் மீன்கள் ஏன் செத்து மிதக்கின்றன? யோசித்து யோசித்து அவளுக்கு விடை கிடைக்கவில்லை.

"இந்த மூணுலயும் ஒண்ணும் இல்லேன்னா முடிச்சுக்கலாம்மா" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அந்த மூன்றும்தான் இப்போது வாஷ்பேசினில் போய்விட்டன.

"எங்க எடுத்த, எந்தக் கிழமை, எத்தனை மணின்னு ஒரு வாரமாத் துருவித் துருவிக் கேட்டீங்களே, இதுக்குத்தானா? யார் கேக்கச் சொன்னது, உங்க மேனேஜரா?"

"யாரும் சொல்லலை."

அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "நக்கோ ஷர்மி, வேணாம், கத்தாத. அவருக்கு இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ் இருக்கு. வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்றது?"

"பயமா இருந்தா நேராச் சொல்லியிருக்கலாமே! நாளைக்கு சார் கேட்டா என்ன சொல்லுவேன்? எங்கப்பாவே கொட்டிட்டார்னா?"

ஆரோக்கியசாமி பாட்டில்களை ஒவ்வொன்றாக மூடி அவள் பையில் வைத்தார்.

"எல்லாத்தையும் நல்ல வெயில்ல எடுத்திருக்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"இதைக் குடுத்தா உங்க சார் சுத்தம்னு எழுதிடுவார். அப்புறம் ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டாங்க."

ஷர்மிளாவின் கோபம் சட்டென்று நின்றது. அவர் முகத்தையே பார்த்தாள்.

"நாளைக்கு மத்தியானம் மழைன்னு டிவில சொல்லியிருக்கான். மழை பிடிச்சு அரை மணி நேரம் கழிச்சுப் போ. பின்பக்கக் காம்பவுண்டை ஒட்டி ஒரு குழாய் இருக்கும். அதுக்குக் கீழ எடு."

"அது உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

ஆரோக்கியசாமி தலை குனிந்துகொண்டார்.

"மழையோட மழையாத்தான் கழிவைத் திறந்துவிடச் சொல்வாங்க. பதினாறு வருஷமா அந்த வால்வைத் திறக்கறவன் நான்தாம்மா."