முந்தைய எழுத்து
மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் வரிவரியாகக் கிடத்தியிருக்கிறது. தந்திக் கம்பி அறுத்தவர்களில் பிடிபட்ட ஒருவனிடம் சிக்கிய கடிதத்தின்மேல் ஸ்டேஷன் ரைட்டர் மருதாசலம் குனிந்திருக்கிறார். தலைப்பில் ‘பவய் பவயனிர ஆழவ்’ என்றிருக்கிறது. மூன்று நாளாகத் திருதிருவென்று முழித்தவருக்கு இன்றைக்குப் பிடிபட்டுவிட்டது. ரகசியக் கடிதமே ஆனாலும் ‘நலம் நலமறிய ஆவல்’ போடாமல் இந்தச் சீமையில் எவன் எழுதுவான்? ‘ந’வுக்குப் பதில் ‘ப’, ‘ல’வுக்குப் பதில் ‘வ’. அரிச்சுவடியில் அடுத்து வரும் எழுத்து, அவ்வளவுதான். பெருமை தாங்காமல் பக்கத்தில் நிற்கும் இன்ஸ்பெக்டருக்கும் அதைச் சொல்லிவிட்டார். இப்போது மருதாசலத்தின் கண் மட்டும் கடைசி வரிக்கு ஓடுகிறது. ‘ஙத்தாந்நாற்’ என்று தொடங்கும் வரி மனசுக்குள் தானாகவே அவிழ்கிறது: கண்ணாத்தாள் வீட்டுப் பருத்திக் கொட்டகையில் ஒளிந்திருக்கிறேன், மல்லசமுத்திரம். அவர் கூடப்பிறந்த தங்கையின் வீடு. கூரையடியில் குளவி ரீங்கரிக்கிறது. பென்சில் நகரவில்லை. “என்னய்யா, நின்னு போச்சு?” “இந்த வரி மட்டும் புரியலீங்க எசமான். வேற மாதிரி எழுதியிருக்கானுங்க.” “ஒரே கணக்குத்தானேய்யா? இப்படிக் குடு.” இன்ஸ்பெக்டர் பென்சிலை வாங்கிக்கொள்கிறார். ‘க, ங, ச’ என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல் விரல் மடக்கி முணுமுணுத்து, ‘ங’வின் தலைமேல் ‘க’ என்று எழுதுகிறார்.