கேபின் ஆளைப் பற்றிக் கேட்டவர்

"ராத்திரி கேபின்ல தனியாத்தான் இருப்பாரான்னு கேட்டிருக்கான் சார். நல்லவன் கேக்குற கேள்வியா இது?"

சீனுவாசனுக்கு மூச்சு வாங்கியது. விழுப்புரம் ஜங்ஷனில், கேபினிலிருந்து தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் அவன். டீக்கடையில் பிடித்த ஆளின் மணிக்கட்டை விடாமல், காவல் நிலையம் வரை இழுத்து வந்திருந்தான்.

1965 செப்டம்பர். எல்லையில் சண்டை. பட்டாளத்துக்காரர்களை ஏற்றிக்கொண்டு திருச்சியிலிருந்து வரும் ஸ்பெஷல் ரயில் அன்று விழுப்புரத்தைக் கடந்து வடக்கே போக வேண்டும். பிடிபட்டவர் யாரென்று தெரியும்வரை அதை விருத்தாசலத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் சக்கரபாணி அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தார். பெயர் தாண்டவராயன், ஊர் திண்டிவனம், மல்லாட்டைக் கடலை வியாபாரம் என்று சொன்னவர், இங்கே எதற்கு வந்தாய் என்றதும் வாயை மூடிக்கொண்டார்.

"வேற என்னய்யா கேட்டான்?"

டீக்கடை மாரியப்பன் சொன்னதையெல்லாம் சீனுவாசன் கொட்டினான். கேபின் ஆளுக்குக் குடிப்பழக்கம் உண்டா, கைநீட்டி வாங்குவாரா, கண் பார்வை சரிதானா. தனித்தனியாகக் கேட்டால் வெறும் ஊர்ப்பேச்சு. சேர்த்துப் பார்த்தால்? குடிக்கிறவன் என்றால் ஊற்றிக் கொடுத்துத் தூங்க வைக்கலாம். வாங்குகிறவன் என்றால் விலை பேசலாம். தண்டவாளம் மாறிவிட்டால் ஒரு பட்டாளமே போச்சு. சொல்லச் சொல்ல அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"பேசாம நின்னுக்கினு இருந்தா ஜெயில்தான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

தாண்டவராயன் சீனுவாசனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "உங்ககிட்ட மட்டும் சொல்றேங்க. இவரு கொஞ்சம் வெளிய போவட்டும்."

வாசலில் நின்ற சீனுவாசனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கலெக்டர் மாலை போடுகிறார், டில்லியிலிருந்து மெடல் வருகிறது, பத்திரிகையில் படம்! கனவின் நடுவே உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு டெலிபோனில் அவர் குரல்: "ஸ்பெஷலை விடச் சொல்லுங்க. ஆபத்து ஒண்ணுமில்லை."

சீனுவாசன் பதறிக்கொண்டு உள்ளே ஓடினான். "சார், இன்னிக்கு ராத்திரி கேபின்ல நான்தான் சார். ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாண்டவராயனைக் கைகாட்டினார்.

அவர் சிவந்துபோன மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "தைரியமா டூட்டிக்குப் போங்க. பொண்ணு குடுக்குறதுன்னா பையனுக்குத் தெரியாமத்தான விசாரிக்கணும்? பழக்கமெல்லாம் சுத்தம், கண்ணும் கூர்மை. பிடிதான் கொஞ்சம் முரட்டுப் பிடி, மாப்பிள்ளை."