ஆள்காட்டியின் கூழாங்கற்கள்

ஆள் வந்தாலும் கத்தும், வெறும் ஆட்டுக்குட்டி வந்தாலும் கத்தும். ஆனாலும் ஏரிக்கே காவல் அதுதான். யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்?

ஆள்காட்டிக் குருவி! வற்றிய ஏரிக்குள் வாழ்ந்த முயல்களுக்காக அதுதான் கத்தியது. புல் அறுப்பவர் வந்தாலும் "ஓடுங்கள்!" வலைக்காரர் வந்தாலும் "ஓடுங்கள்!" அவற்றில் ஒரு தாய்முயலுக்கு அந்தக் காலம் இன்னும் இனிக்கிறது. எல்லா முயல்களும் ஒன்றாக ஓடும். மேட்டில் மூச்சு வாங்கியபடி ஒன்றையொன்று கேலி செய்யும். பிறகு சலித்துப்போய் யாரும் ஓடாத ஒரு நாளில், தாய்முயலின் அண்ணன் வலையில் சிக்கினான்.

அன்றுமுதல் குருவி, தான் சொன்னது நடந்தால் கூட்டுக்கு வலப்பக்கம் ஒரு கூழாங்கல் வைத்தது, நடக்காவிட்டால் இடப்பக்கம். இடப்பக்கம் குவிந்ததைப் பார்த்துத் தன் பேச்சையே மாற்றிக்கொண்டது.

இன்று காலை வந்து சொன்னது: "கரையில் நாய் நிற்கிறது, வலை தெரியவில்லை. பத்துக்கு நாலு, வேட்டையாக இருக்கலாம்."

"இது என்ன பேச்சு, அக்கா? அப்போதெல்லாம் 'ஓடு' என்பாய். எவ்வளவு நிம்மதி!" என்றது தாய்முயல்.

"உன் அண்ணன்கூட நிம்மதியாகத்தான் படுத்திருந்தான்."

மழைக்குப் பிறகு முளைத்த முதல் இளம்புல்லில் தாய்முயலின் குட்டி அப்போதுதான் வாய் வைத்திருந்தது.

"இப்படிப் பத்து நாள் நாய் வந்தால், ஆறு நாள் வெறும் நாயா?" என்று கேட்டது குட்டி.

"அப்படித்தான் நினைக்கிறேன்" என்றது குருவி.

மீதி நாலு நாளை நினைத்து, குட்டி புல்லை விட்டுவிட்டு மேட்டுக்குப் போனது.