கரைத்த பிறகு

முந்தைய நாள் ஊசி போட்டு இருபத்து மூன்று மணி நேரம், நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

இன்னும் இருபது நிமிடம்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்திருந்த கண்ணாடிக் குப்பியில் பனிவியர்வை காய்ந்திருந்தது. அதைக் கையில் எடுத்தபோது கதவு தட்டப்பட்டது.

அம்மா.

கேரி தீவிலிருந்து பண்டமாரானில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். கையில் ஒரு மினரல் வாட்டர் போத்தல். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவில் பிடித்து வந்த தீர்த்தம்.

"ஞாயித்துக்கிழமை முட்டை எடுக்கப் போறாங்களாமே, மாப்பிள்ள சொன்னாரு. எங்கிட்ட சொன்னா என்ன லா, கெட்டாப் போயிடும்?"

மாப்பிள்ளை என்றால் பிரையன் அத்தான். வேறெதுவும் அவர் சொல்லவில்லை என்பது அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது.

அக்கா சமந்தா என்னைப் பார்த்தாள். நான் குப்பியைப் பார்த்தேன்.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. ஏற்கெனவே இரண்டு முறை செயற்கைக் கருத்தரிப்புக்கு முயன்று இரண்டும் தங்கவில்லை. இதுதான் கடைசி என்று அவளே சொல்லிவிட்டாள்.

குப்பியின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள். உறையவைத்து உலர்த்திய பெப்டைடு மருந்து.

ஆய்வகத்தில் நான் தினமும் கரைப்பதும் இப்படிப்பட்ட தூளைத்தான். அங்கே கரைத்ததைச் சின்னக் குழாய்களில் பிரித்து, தேதி எழுதி, மாதக்கணக்கில் உறையவைப்போம்.

இதை வைக்க முடியாது. கரைத்ததும் உடம்புக்குள் போயாக வேண்டும். நேரம் தவறினால் முட்டைகள் முன்கூட்டியே வெளியாகிவிடலாம். பிறகு ஞாயிற்றுக்கிழமை எடுக்க எதுவும் இருக்காது.

மணி பார்த்து, மருந்தோடு வந்த நீரை ஊசியால் மெல்ல உள்ளே இறக்கினேன். குலுக்காமல் சுழற்றினேன். தூள் இருந்த இடமே தெரியவில்லை.

அம்மா போத்தலைத் திறந்தாள்.

"இதுல ஒரே ஒரு சொட்டு விடு, ஆட்ரி. அதுவும் தண்ணி, இதுவும் தண்ணிதான?"

"முடியாதும்மா. கிருமி ஏறிடும்."

"அன்னம்மா தண்ணியில கிருமியா? நாலு எழுத்து படிச்சதும் வாயப் பாரு!"

அக்கா சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. விரலை நனைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டையை விலக்கி, தொப்புளுக்குக் கீழே சிலுவை போட்டாள். பிறகு கண்ணை மூடிச் செபிக்கத் தொடங்கினாள். அம்மாவின் செபம் சீக்கிரம் முடியாது.

மருந்தை ஊசியில் ஏற்றி, காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றினேன். ஐந்து நிமிடம் இருந்தது.

மூன்று நிமிடமானது.

அம்மா கண்ணைத் திறந்தாள். "நீ ஏன் அதப் புடிச்சிக்கிட்டு நிக்குற? கல்யாணம் ஆகாத பொண்ணு, உனக்கென்ன இங்க வேல? அக்காகிட்ட குடு, அவளே போட்டுக்கட்டும்."

அக்கா அம்மாவின் கையைப் பிடித்தாள். அவள் வயிற்றில் அந்த ஈரச் சிலுவை இன்னும் காயாமல் இருந்தது.

ஆய்வகத்தில் யாராவது என் பெயரைக் கூப்பிட்டாலே எனக்குக் குரல் உள்ளே போய்விடும்.

ஆனால் கரைத்தாகிவிட்டது.

ஊசியை வலது கையில் வைத்துக்கொண்டு, இடது கையால் என் சட்டையை உயர்த்தினேன். தொப்புளுக்குக் கீழே ஒன்பது நாள் ஊசித் தடங்கள், நீலமும் மஞ்சளுமாக.

அம்மாவின் ஈர விரல் அந்தரத்தில் நின்றது.

"எனக்கும் சிலுவை போடும்மா," என்றேன். "அக்காகிட்ட முட்டை இல்ல. என்னோடதத்தான் குடுக்குறேன்."