சொல்லாமல் போனவர்கள்

ராயபுரம் சர்ச் மண்டபத்தில் நாடகம் முடிந்து விளக்கு போட்டதும் ஒரு கைதட்டல்கூட எழவில்லை. இருநூறு பேரும் எழுந்து, மேடைப் பக்கமே வராமல் நடையைக் கட்டினார்கள். எழுதி இயக்கிய நோயலின் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்க சொதப்புனோம் டெபோரா?"

நாடகத்தில் மனைவியாக நடித்த டெபோரா பவுடரைத் துடைத்தபடியே யோசித்தாள்.

"நெஜ அடுப்புல மீன் கொழம்பு கொதிச்சுது. வாசன கடைசி வரிசை வரைக்கும் போச்சு. நான் தட்டுல சோத்தப் போட்டுகினு நிக்கிறப்போ எல்லா லைட்டையும் அணைச்சு, என் கை மேல மட்டும் ஒண்ண வுட்டியே, சினிமா க்ளோசப் மாரி. அப்போ ஒருத்தர் இருமக்கூட இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு ஒரு வார்த்த சொல்லாம போறாங்க?"

நோயலுக்குப் பொறுக்கவில்லை. கேட்டைத் தாண்டப் போன ஃப்ளோரன்ஸ் ஆன்ட்டியை ஓடிப்போய் மறித்தான். எந்த நாடகமானாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்து, குறையோ நிறையோ முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகிறவர் அவர்.

"இன்னா ஆன்ட்டி, நீங்ககூட சொல்லாம போறீங்க? நாடகம் நல்லா இல்லியா?"

ஃப்ளோரன்ஸ் திரும்பி மேடையைப் பார்த்தார். கணவனாக நடித்து, கடைசிக் காட்சி முழுக்கச் சவப்பெட்டிக்குள் அசையாமல் படுத்திருந்த அலெக்ஸாண்டர், இப்போது அதன் விளிம்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"எங்க எல்லாரையும் சாவு வூட்ல உக்கார வெச்சுட்டே நைனா," என்றார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அங்கேர்ந்து யாரு சொல்லிக்கினு கெளம்புவாங்க?"