பாடத்தில் இல்லாத கேள்வி

"பொட்டாசியம் டைகுரோமேட் உடம்புக்குள்ள போனா என்ன ஆகும் டீச்சர்?"

பிளஸ் டூ அறிவுமதி இந்த வாரத்தில் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"பரிட்சைக்கு அதைத் தயாரிக்கிற முறையைப் படிச்சா போதும். உள்ள போறதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றாள் வேதியியல் ஆசிரியை ஜான்சி.

அன்று மாலை ஆய்வகத்தில், அந்த ஆரஞ்சு நிற டைகுரோமேட் உப்பு இருந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அறிவுமதி தனியாக நிற்பதை ஜான்சி பார்த்தாள். பாட்டிலைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"யாரையாவது லவ் பண்றியாடி? நாளைக்கு உங்கப்பாவோடதான் நீ வரணும்."

மறுநாள் அப்பா வந்தார். துண்டால் மூக்கை மூடியிருந்தார்.

"உங்க பொண்ணு விஷத்தைப் பத்தியே கேக்குறா. வீட்டுல என்ன பிரச்சனை?"

அவர் மகளைப் பார்த்தார்.

"காட்டுப்பா" என்றாள் மகள்.

துண்டை விலக்கி முகத்தை நிமிர்த்தினார். இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சுவர் அரித்துப்போய் ஓட்டையாக இருந்தது.

"பன்னெண்டு வருஷமா கம்பெனியில டைகுரோமேட் மூட்டையப் பிரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தாரு டீச்சர். மூக்குப்பொடி போட்டு இப்படி ஆயிடுச்சுன்னு கம்பெனி டாக்டரு எழுதிட்டாரு. உடனே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எங்கப்பாவுக்குப் பொடிப் பழக்கமே கெடையாது. எதனால ஆச்சுன்னு நீங்க எழுதிக் குடுங்க. கடலூர் லேபர் ஆபீசுல குடுக்கணும்."

"நான் டாக்டர் இல்லையேம்மா."

"டாக்டர் எழுதித்தான் டீச்சர் வேலையே போச்சு."

ஜான்சி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அவருடைய முழுப்பெயரைக் கேட்டாள்.