இரண்டடித் தொட்டிக்கு ஒரு விளக்கு

கடைக்காரர் மூன்று விளக்குகளை மேசைமேல் வரிசையாக வைத்தார்.

நான் பெரியதை எடுத்தேன்.

"அம்மா வச்சிருக்கறது இதுல பாதிதான் இருக்கும்," என்றாள் பத்து வயதுக்காரி. என்னிடம் இல்லை, கடைக்காரரிடம்.

அதற்காகத்தான் எடுத்தேன் என்று அவளிடம் சொல்ல முடியுமா?

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவள் என் வீட்டில் இருப்பாள். நான்கு மாதமாக இப்படி. வந்தால் பேச்செல்லாம் அம்மாவின் மீன்தொட்டிதான். அம்மா தண்ணீருக்குள் தோட்டமே போட்டிருக்கிறார்களாம். மத்தியானமானால் சிவப்பு இலைகளில் முத்து முத்தாகக் காற்றுக் குமிழ் நிற்குமாம். செடி வெட்ட வளைந்த மூக்குக் கத்தரி கூட உண்டாம்.

கேட்கக் கேட்க எனக்கு வயிறெரிந்தது.

போன வாரம் நானும் ஒரு இரண்டடித் தொட்டி வாங்கினேன். அதே சிவப்புச் செடியைத் தேடிப்பிடித்து நட்டேன். விளக்கை மட்டும் அவளை வைத்துக்கொண்டு வாங்கலாம் என்று விட்டிருந்தேன்.

"வெளிச்சம் எந்த மாதிரி வேணும் மேடம்?"

வாரம் முழுக்க இதைத்தான் படித்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின். பகல் வெளிச்சம் மாதிரி."

"அடேயப்பா, யாரு சொல்லிக் கொடுத்தா?"

"அம்மா."

நான் மனப்பாடம் செய்திருந்ததும் அதே எண்தான்.

கடைக்காரர் பெரிய விளக்கை ஒரு தொட்டியின் மேல் வைத்துப் போட்டுக் காட்டினார். தண்ணீர் பளீரென்று வெளுத்தது. மீன்கள் மரக்கட்டைக்கு அடியில் ஓடி ஒளிந்தன.

"இதையே கட்டிடுங்க," என்றேன்.

என் கைப்பையின் வார் இழுபட்டது. என்னை என்னவென்று கூப்பிடுவது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

"இங்க பாருங்க. இவ்ளோ வெளிச்சம் வச்சா பாசி பிடிச்சிடும். அம்மாவுக்கே முதல்ல பிடிச்சுது. நாங்க ரெண்டு பேரும் ஒரு மாசம் உக்காந்து தேச்சோம்."

அந்த அம்மாவுக்கும் ஒன்று தவறிப் போயிருக்கிறது. ஒரு நிமிடம் நெஞ்சு குளிர்ந்தது.

அடுத்த நிமிடம், இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சிரித்துப் பேசியபடி கண்ணாடி தேய்க்கும் அந்த ஒரு மாதம் கண்ணில் வந்து நின்றது.

பெரியதைக் கீழே வைத்தேன்.

அவள் நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தாள். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு திருகு இருந்தது. "முதல்ல பாதி வெளிச்சம், ஆறு மணி நேரம் போதும்," என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் தலையாட்டினேன்.

பெட்டியைக் கட்டிக்கொண்டே கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கியே பாப்பா. அந்தப் புருவம்கூட."

அவள் நிமிர்ந்தாள்.

"அம்மா வீட்ல இருக்காங்க. இவங்க என்னைப் பெத்தவங்க."

கெல்வின் எண்ணைச் சொன்ன அதே குரல். அதில் கோபம் ஒன்றும் இல்லை.

கடைக்காரர் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

நான் விட்டுவிட்டுப் போனபோது அவளுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. சுவரைப் பிடித்து நிற்பாள், பேச்சு வரவில்லை. 'அம்மா' என்ற முதல் சொல் அவள் வாயில் வந்தபோது எதிரில் இருந்தது அவளை வளர்த்த அந்தப் பெண்.

பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். தெருவில் வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன.

கடக்கும்போது அவளாகவே என் கையைப் பிடித்துக்கொண்டாள், இறுக்கமாக, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு.

அதுவும் அந்த அம்மா பழக்கியதுதான்.